தண்ணீரைத் தின்ற வயிறு

இராஜாங்கத்தின் தொப்பை எப்படி வளர்ந்தது என்று யார் கேட்டாலும் ஊரே என் கடையைத்தான் கை காட்டுகிறது. பூதலூர்ப் பக்கம், வாய்க்கால் மதகை ஒட்டி டீக்கடை வைத்திருக்கும் அகிலாண்டம் நான்தான். வடை சுட்டது நான். அதை அவர் வாயில் ஊட்டிவிட்டதும் நானா?

இராஜாங்கம் எங்கள் வாய்க்காலுக்கு லஸ்கர். மதகைத் திறக்கவும் மூடவும் அரசாங்கம் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் ஆள். எப்போது திறப்பது, எவ்வளவு திறப்பது என்பதை இன்ஜினீயர்கள் முடிவு செய்வார்கள். திட்டு வாங்குவது மட்டும் இவர் பொறுப்பு. தண்ணீர் வந்தால் காவேரித்தாய் கொடுத்தது. வராவிட்டால் லஸ்கர் கொடுக்கவில்லை.

மற்ற ஊர்க்காரர்களுக்குக் கவலை வந்தால் தலை வலிக்குமாம். எங்கள் ஆட்களுக்கு எல்லாம் நேரே வயிற்றுக்குத்தான் போகும். பயந்தால் வயிற்றில் புளியைக் கரைக்கும், பொறாமைப்பட்டால் வயிறு எரியும், நல்ல சேதி வந்தால் வயிற்றில் பால் வார்க்கும். இராஜாங்கத்துக்கு விடிந்ததிலிருந்து புளிதான். மேல்மடைக்காரன் போன் போட்டு, பயிர் காயுது என்பான். அதை வைப்பதற்குள் கடைமடைக்காரன் கூப்பிட்டு, எங்களுக்கு இன்னும் நடவே ஆகலை என்பான். பேசி முடித்ததும் அவர் கை தானாக என் வடைத் தட்டுக்கு வரும். சமாதானம் பேச வருகிறவர்களும் “லஸ்கருக்கு ரெண்டு வடை குடு அகிலாண்டம்” என்றுதான் ஆரம்பிப்பார்கள். ராத்திரி போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுப்பார். தூக்கம் எங்கிருந்து வரும்?

இதில் இன்னொரு கூத்து. யாராவது பொதுப்பணத்தை எடுத்துக்கொண்டால் எங்கள் பக்கம் ‘தின்னுட்டான்’ என்றுதான் சொல்வார்கள். ரோட்டைத் தின்னுட்டான், பாலத்தைத் தின்னுட்டான். அந்த வார்த்தைக்குத் தோதாக ஒரு வயிறும் சட்டைப் பொத்தானைத் தெறிக்கவிட்டுக்கொண்டு சைக்கிளில் போனால் சும்மா இருப்பார்களா? “மேல்மடைக்காரன்கிட்ட வாங்கிக்கிட்டு நம்ம தண்ணியத் தின்னுட்டான். வயித்தப் பாத்தா தெரியல?” என்று என் கடை பெஞ்சில் உட்கார்ந்தே பேசினார்கள். பத்துப் பைசா கை நீட்டி வாங்காத மனுஷன் அவர். எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அடித்துச் சொல்வேன். அந்தப் பேச்சு காதில் விழுந்ததும் அவருக்கு இன்னும் கவலை. கவலைக்கு இன்னொரு வடை.

அவருடைய அப்பாவும் லஸ்கர்தான். இதே மதகில் சாவியைத் திருப்பிக்கொண்டிருக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர். அப்பா போன வயசை இந்த வருஷம் மகன் தொட்டுவிட்டார். அவர் மனைவி தையல்நாயகிக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. தஞ்சாவூருக்கு, நஜ்மா டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

டாக்டரம்மா கூத்தாநல்லூர்க்காரர். வளைத்துப் பேசத் தெரியாது. “வடை பாதிதாங்க, கவலை மீதி,” என்றாராம். “ஓயாத கவலையும் தூக்கமில்லாததும் உடம்புல ஒரு சுரப்பை ஏத்திவிடும். அது கொழுப்பைக் கொண்டுபோய் வயித்துலதான் சேக்கும். அப்பா கதை உங்களுக்குத் தெரியும். தினம் நடங்க. நேரத்துக்குத் தூங்குங்க. எண்ணெயும் இனிப்பும் வேணாம். அந்த போனைக் கொஞ்ச நேரமாவது யார்கிட்டயாவது குடுத்து வைங்க.”

யாரிடம் கொடுத்தார்? என்னிடம்தான். வடையை நிறுத்தி என் வியாபாரத்தில் கை வைத்தது போதாதென்று, காலையில் நடக்கப் போகும்போது போனையும் என் கல்லாப்பெட்டியில் வைத்துவிட்டுப் போனார். “சும்மா இருக்கட்டும் அகிலாண்டம். அடிச்சா எடுக்காத,” என்றார். அடிக்கிற போனை எடுக்காமல் இருக்க என்னால் முடியுமா? எடுத்தேன். திட்டினார்கள். திருப்பித் திட்டினேன். அவர் வாய்க்கால் கரையோடு காற்று வாங்கிக்கொண்டு நடக்க, நான் பதற்றத்தில் என் வடையை நானே தின்ன ஆரம்பித்தேன்.

மனுஷன் இளைத்தார். முகத்தில் களை வந்தது, பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. ஊர் சந்தோஷப்பட்டதா? “விசாரணை வந்திருக்காம். பயத்துல கரையுறான்,” என்றது. பெருத்தால் தின்னுட்டான், இளைத்தால் மாட்டிக்கிட்டான். என்ன ஜனமோ!

அதைக்கூட அவர் சிரித்துக்கொண்டே தாங்கினார். வினை வேறு பக்கத்திலிருந்து வந்தது.

நடை பழகப் பழக ஒருநாள் கடைமடைத் தெரு வரைக்கும் போய்விட்டார். அங்கே கண்ணுசாமி வீடு. அவருடைய அப்பா காலத்தில் அந்தத் தெருவே பண்ணை வேலைக்குப் போன தெரு. இப்போது கண்ணுசாமிக்குச் சொந்த நிலம், மகள் அறிவுமதி வேளாண்மை அதிகாரி. இவ்வளவு காலத்தில் ஒரு லஸ்கர் அந்தத் தெருவுக்குள் நடந்து வந்ததே முதல் தடவை. கண்ணுசாமியின் மனைவி ராசம்மாள் ஓடிப்போய்க் காப்பி போட்டு, அதிரசத்தோடு கொண்டுவந்து நீட்டினாள்.

இராஜாங்கம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, “வேணாங்க. நான் இப்பல்லாம் இதையெல்லாம் தொடுறதில்லீங்க,” என்றார்.

டாக்டரம்மா கேட்டிருந்தால் பாராட்டியிருப்பார். ஆனால் எந்தத் தெருவில் நின்றுகொண்டு எந்த வார்த்தையைச் சொல்கிறோம் என்று வேண்டாமா? தொடுறதில்லையாம்! அந்த ஒரு வார்த்தையால் தலைமுறை தலைமுறையாக அடி வாங்கிய தெரு அது. ராசம்மாள் தட்டை அப்படியே உள்ளே கொண்டுபோனாள். இவர் ஒன்றும் புரியாமல், கைகளை வீசிக்கொண்டு நடந்து வந்துவிட்டார்.

மறுநாள் காலை கண்ணுசாமி என் கடை முன்னால் வந்து நின்றார். உட்காரவில்லை.

“எங்க அந்த லஸ்கரு? எங்க வூட்டுக் காப்பியத் தொடமாட்டாராமே? நாளைக்கு கலெக்டர் ஆபீஸ்ல விவசாயிங்க கூட்டம். தண்ணியத் தின்னதையும் சொல்றேன், தீண்டாமை பாக்குறதையும் சொல்றேன். வேலை போவட்டும்.”

எனக்குச் சுர்ரென்று வந்தது. “நல்லா இருக்கே கண்ணுசாமி அண்ணே! அந்த ஆளு தொப்பையக் கொறைக்கிறாரு. என் வடையையே தொடுறதில்ல, தெரியுமா?”

“ஒன் வடையத் தொடாததும் என் வூட்டுக் காப்பியத் தொடாததும் ஒண்ணா தங்கச்சி?” என்றார் கண்ணுசாமி. “இதே எடத்துல இருந்த கடையில எங்க அப்பாவுக்கு வெளியில நிக்கவச்சு கொட்டாங்குச்சியில ஊத்துனாங்க. ஒனக்கென்ன தெரியும்?”

எனக்குக் கோபம் இருந்தது. கழுவிய கிளாஸையே மறுபடி கழுவினேன்.

அவர் போன பிறகு இராஜாங்கம் வந்தார். நடந்ததைச் சொன்னேன். முகம் வெளிறி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். வேலை போய்விடுமே என்றுதான் முதலில் பயந்தார். அப்புறம், “ராசம்மா என்ன நினைச்சிருக்கும்? ஆசையா கொண்டாந்து குடுத்துச்சே,” என்று முணுமுணுத்தார். கை வடைத் தட்டை நோக்கி வந்தது. பாதி வழியில் நின்றது.

“நான் இப்பவே போயி அந்த அதிரசத்தைத் தின்னுட்டு வந்துடவா?”

“இப்பத் தின்னா, கேசுக்குப் பயந்து தின்னாருன்னு சொல்லுவாங்க.”

“பின்ன நான் என்னதான் செய்யுறது, சொல்லித் தொலையேன்!” என்று கத்திவிட்டு எழுந்து, கடைமடைப் பக்கம் விறுவிறுவென்று நடந்தார். கல்லாவில் கிடந்த அவர் போனை இடுப்பில் செருகிக்கொண்டு, நான் கடையைச் சாத்திவிட்டுப் பின்னாலேயே போனேன். துணைக்கு என்று சொன்னால் பொய். வேடிக்கை பார்க்கத்தான்.

வெயில் ஏறிவிட்டது. கண்ணுசாமி வீட்டு வாசலில் போய் நிற்கும்போது இராஜாங்கத்தின் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கண்ணுசாமி வெளியே வந்தார். வாங்க என்று சொல்லவில்லை. ராசம்மாள் கதவோரம் நின்றாள்.

இராஜாங்கம் அவளைப் பார்த்து, “தங்கச்சி, தாகமா இருக்கு. கொஞ்சம் தண்ணி குடுங்க,” என்றார்.

அவள் உள்ளே போய் ஒரு செம்பில் கொண்டுவந்தாள். இவர் கை நீட்டுவதற்குள் கண்ணுசாமி குறுக்கே புகுந்து செம்பை வாங்கினார். எங்கள் ஊரில் அடுத்தவர் செம்பில் யாரும் வாய் வைப்பதில்லை. அண்ணாந்து ஊற்றிக்கொள்வதுதான் வழக்கம். கண்ணுசாமி அண்ணாந்து ஊற்றிக்கொள்ளவில்லை. வேண்டுமென்றே வாய் வைத்துப் பாதியைக் குடித்தார். மிச்சத்தோடு செம்பை நீட்டினார். “இந்தாங்க,” என்றார்.

சாமி சத்தியமாகச் சொல்கிறேன், இராஜாங்கத்தின் இடத்தில் நான் நின்றிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை.

இராஜாங்கம் இரண்டு கையாலும் வாங்கினார். அவரும் அண்ணாந்து ஊற்றிக்கொள்ளவில்லை. கண்ணுசாமி வாய் வைத்த செம்பில் வாய் வைத்து, சொட்டு விடாமல் குடித்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, செம்பை ராசம்மாளிடம் நீட்டி, “இன்னும் கொஞ்சம்,” என்றார்.

கண்ணுசாமி துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். வியர்வை என்று சொல்லிக்கொள்ளலாம். “என் அப்பா காலத்துலேருந்து நாங்கதான் ஒங்ககிட்ட தண்ணி கேட்டுக்கிட்டு நிக்கிறோம்,” என்றார். “ஒக்காருங்க லஸ்கரே.”

இராஜாங்கம் உட்கார்ந்தார். டாக்டர், தொப்பை, அப்பா சாய்ந்த மதகு எல்லாவற்றையும் அப்போதுதான் சொன்னார். வெட்கத்தில் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ராசம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இதை அன்னைக்கே சொல்றதுக்கு என்ன?” என்றாள்.

மறுநாள் கூட்டத்தில் கண்ணுசாமி எழுந்து தண்ணீர் மட்டும்தான் கேட்டார். பின்னாலிருந்து யாரோ, லஸ்கரு தின்னுட்டாரு என்று ஆரம்பித்திருக்கிறார்கள். “அவரு என் வூட்டுல தண்ணி வாங்கிக் குடிச்சவரு. ஒங்கள்ல எவன் குடிச்சிருக்கான், எந்திரிங்கடா பாப்போம்,” என்றாராம் கண்ணுசாமி. யாரும் எழுந்திருக்கவில்லை.

தண்ணீர் குடித்த அன்றைக்கு அங்கிருந்து திரும்பும்போது ராசம்மாள் தையல்நாயகிக்கு என்று அதிரசம் கட்டிக் கொடுத்திருந்தாள். தூக்கிக்கொண்டு வந்தவள் நான். வழியெல்லாம் அவருடைய போன் என் இடுப்பில் அடித்துக்கொண்டே இருந்தது. பொட்டலம் வீடு போய்ச் சேரவில்லை. இப்போது ஊரில் என் வயிற்றைப் பற்றித்தான் பேச்சு.