பாய் கடைப் பாசந்தியும் நான் சொன்ன சூப்பரும்

சிக்கந்தர் பாய் நேற்று சாயங்காலம் தவறிவிட்டார். போடி பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் சந்தில் பாசந்தி விற்ற அதே பாய்தான்...

காலையிலிருந்து எல்லோரும் ஒரு போட்டோவை ஷேர் செய்துகொண்டிருக்கிறீர்கள். நசுக்கிய ஏலக்காயை மூக்குக்குக் கிட்டே பிடித்து, கண்ணை மூடி நிற்பாரே, அது. நான் எடுத்ததுதான். "வாசத்துக்கே வாழ்கிற மனுஷன்" என்று கேப்ஷன் போட்டதும் நான்தான்.

தயவுசெய்து அதை ஷேர் செய்யாதீர்கள். ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

இந்த பேஜைப் பார்க்கிறவர்களுக்கு என் ஞாயிற்றுக்கிழமை ரவுண்டு தெரியும். தேனியிலிருந்து பைக். குரங்கணியில் காப்பி, வாழைக்காய் பஜ்ஜி. இறங்கி வந்து எங்காவது பரோட்டா. கடைசியாக பாய் கடை. மூச்சு முட்டச் சாப்பிட்டிருந்தாலும் பாசந்திக்கு மட்டும் வயிற்றில் ஓர் ஓரம் ஒதுங்கிவிடும்.

முதல் தடவை போனபோது கப்பைத் தூக்கிப் பிடித்து ஆங்கிள் பார்த்துக்கொண்டிருந்தேன். "ஏய் மாப்ளே, படம் பிடிச்சது போதும். வெரசா சாப்புடு, ஜில்லு போயிரும்" என்று ஓர் அதட்டல். பேர்கூடத் தெரியாத ஆளை அதட்டுகிறார்! அன்றைக்கே எனக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது.

போன வருஷம் பாய்க்குக் கடுமையான காய்ச்சல். ஒரு மாதம் கடை திறக்கவில்லை. திரும்பத் திறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை ஆசையாகப் போனேன்.

ஒரு வாய் வைத்ததுமே தெரிந்துவிட்டது. ஏலக்காய் அள்ளிக் கொட்டியிருந்தது. தொண்டை வரைக்கும் காந்தியது.

பாய் எதிரில் வந்து நின்றார். "ஏலக்கா எப்படி இருக்கு மாப்ளே? தூக்கலா இருக்கா?"

"சூப்பர் பாய். கரெக்டா இருக்கு."

"உண்மையத்தான சொல்ற? வீட்ல கேட்டா எல்லாரும் நல்லாருக்குன்னுதான் சொல்லுவாக. நீ நாலு கடை ஏறி எறங்குறவன்... அதான் ஒங்கிட்ட கேக்குறேன்."

"பிரமாதம் பாய்." இரண்டாவது தடவையும் கூசாமல் சொன்னேன். காய்ச்சலில் பாதியாக இளைத்துப்போன மனுஷனிடம் எப்படிக் குறை சொல்வது என்றுதான். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த போட்டோ எடுத்தது அன்றைக்குத்தான். கப்பைக் காலி செய்துவிட்டு நிமிர்ந்தால், உள்ளே பாய் ஏலக்காயை நசுக்கி மூக்கில் வைத்து நின்றுகொண்டிருந்தார். ரொம்ப நேரம். ரசிக்கிறார் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து போட்டோவைப் போட்டேன். லைக் குவிந்தது. குஷியில் இன்னொரு போஸ்ட். "எச்சரிக்கை: போடியில் ஏலக்காய் லோடு ஏற்றி வந்த லாரி பால் அண்டாவில் கவிழ்ந்தது. சாட்சி: பாய் கடைப் பாசந்தி."

அதற்கும் ஒரே சிரிப்பு. "பாய்க்கு வயசாயிடுச்சு, கைப்பக்குவம் போச்சு" என்று கமெண்ட். அதற்கு நான் ஹார்ட்டின் போட்டேன்... இப்போது போய்ப் பார்த்தேன், இருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடை பெஞ்சு காலியாகக் கிடந்தது. பாசந்தியில் ஏலக்காய் மட்டும் அளந்து போட்ட மாதிரி சரியாக இருந்தது. "எப்படி இருக்கு?" என்றார். "சூப்பர் பாய்" என்றேன். போன வாரம் சொன்ன அதே சூப்பர்.

பாய் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். அதற்குப் பிறகு என்னிடம் அவர் கேட்டதே இல்லை. பழைய தைரியம் வந்துவிட்டது போல என்று நானும் விட்டுவிட்டேன்.

இன்று காலை அடக்கம். முடிந்து பாய் வீட்டுக்குப் போனபோது கம்பத்திலிருந்து வந்திருந்த அவர் மகள் என்னை அடையாளம் கண்டுபிடித்தார். "நீங்கதான அந்த போன்ல எழுதுற அண்ணே?"

ஆமாம் என்றேன்.

"காய்ச்சலுக்கப்புறம் அத்தாவுக்கு மூக்குல வாசமே ஏறலண்ணே. வெளிய தெரிஞ்சா கடைக்கு யாரு வருவான்னு எங்ககிட்டயே ரொம்ப நாளு மறைச்சுட்டாக. நீங்க எழுதுனத நான்தான் படிச்சுக் காட்டுனேன். எனக்குக் கோவம். அத்தா கோவப்படல. 'நேர்ல சொல்ல சங்கடப்பட்டிருக்கான். இப்பவாச்சும் தெரிஞ்சுச்சே'ன்னு சொல்லி, மறுநாளே ஏலக்காயப் பாதியாக் கொறச்சாக."

அவர் அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை...

"அப்புறம் ஞாயித்துக்கிழமை ஆனா போதும், எனக்குப் போன் போட்ருவாக. 'மாப்ள வந்துட்டுப் போயிருக்கான். வாயால சூப்பர்னுதான் சொல்லுவான். என்ன எழுதிருக்கான்னு பாரு'ன்னு. நீங்க ஏதாச்சும் புதுக் கடை பிரவுனி, ஐஸ்கிரீமுன்னு எழுதிருப்பீக. 'ஒண்ணும் எழுதலத்தா'ன்னு சொல்லுவேன். 'சரி, அடுத்த வாரம் எழுதுவான்'னு வச்சிருவாக."

ஒரு வருஷம். அத்தனை ஞாயிற்றுக்கிழமையும் அந்த பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டேன். ஒரு வரி எழுதவில்லை. லாரி ஜோக்குக்குப் பிறகு பாய் கடையைப் பற்றி எழுதக் கூச்சம். அதைவிட, புதுக் கடைக்குத்தான் லைக் வரும்.

வாசம் திரும்பிவிட்டதா என்று ஏலக்காயை மோந்து பார்த்துக்கொண்டிருந்தவரைத்தான் நான் படம் பிடித்திருக்கிறேன். அந்த போட்டோவையும் லாரி போஸ்டையும் எடுத்துவிட்டேன்.

பாய்... நீங்கள் கேட்டதை எழுதிவிடுகிறேன்.

அன்றைக்கு ஏலக்காய் தூக்கல்தான். அடுத்த வாரத்திலிருந்து கடைசிக் கப் வரைக்கும் சரியாக இருந்தது.

போய் வாருங்கள் பாய்.