ஜிப் போட்ட கடல்

ஓவியர் முப்பது வருடமாகக் கடலைத்தான் வரைந்தார். வாங்க ஈ, காக்கா கூட எட்டிப் பார்க்கவில்லை. கடைசியில் ஒரு பை கம்பெனி மனமிரங்கி அவருடைய கடல் படம் ஒன்றை ஜிப் பர்ஸில் அச்சடித்தது. “கடலுக்கே ஜிப் போட்டவன் நான்!” என்று தன்னையே கேலி செய்துகொள்வார்.

பல் டாக்டரிடம் காத்திருந்தபோது, பக்கத்து அம்மாள் மடியில் அதே பர்ஸ். வாய் சும்மா இருக்குமா?

“இந்தப் படம் நான் வரைஞ்சதுங்க.”

“படம் கிடக்கட்டுங்க. இந்த ஜிப் பாதிக் கடல்லயே நின்னுடுது, பாருங்க.”

அசடு வழிய, சட்டைப்பையிலிருந்த பென்சிலை எடுத்து ஜிப்பின் பற்களில் தேய்த்தார். சர்ரென்று ஓடியது.

“அடேயப்பா, கையில என்ன வித்தை!”

முப்பது வருடத்தில் அந்தப் பென்சில் வாங்கிய முதல் பாராட்டு. கூச்சமே இல்லாமல் ஏற்றுக்கொண்டார்.