தில்லைப் பால்

வாவிக்கரையில் நடந்துகொண்டிருந்தபோது என் சின்ன மகள் ஒரு கொப்பை முறித்தாள். வெள்ளைப் பால் அவள் கையில் வடிந்தது. தில்லை!

நான் சிறுமியாக இருந்தபோது, இறால் கூட்டுக்குக் கம்பு வெட்டப் போன அப்பா, கண்டல் என்று நினைத்துத் தில்லையை வெட்டிவிட்டார். பால் இரு கண்களிலும் தெறித்தது.

"சிவன்ட மரத்தில கத்தி வெச்சிட்டீங்களே!" என்று அழுதபடி அம்மா, தம்பியை மடியிலிருந்து இறக்கிவிட்டு, தன் முலைப்பாலை அவர் கண்களில் பீச்சி, சீலைத் துணியால் கட்டினா. மறுநாள், முற்றமெல்லாம் வெயில் எரிக்கும்போது கட்டை அவிழ்த்தா. அப்பா என் பக்கம் முகத்தைத் திருப்பி மெதுவாகக் கேட்டார்:

"விடிஞ்சித்தா புள்ள?"

"கண்ணத் தொட்டிராத மகள்!" என்று கத்தினேன். என் சத்தத்தில் பயந்து அவள் அழத் தொடங்கினாள். கண்ணீரைத் துடைக்க அந்தக் கையைத்தான் தூக்கினாள்.