ஐந்து வாக்கியத்தில் ஒரு கதை

பத்தாம் வகுப்பு ஆங்கிலத் துணைப்பாடத்தில் ஒரு படகோட்டி கதை. வெள்ளத்தில் ஒருவன் அடித்துக்கொண்டு வருகிறான். கரையில் நிற்கும் படகோட்டி அந்த முகத்தை அடையாளம் கண்டுகொள்கிறான். தன் தம்பியைக் கொன்றவன். இந்தக் கதைக்கு நான் எட்டு பீரியடு திட்டம் போட்டிருந்தேன். மூன்றாவது பீரியடில், படகோட்டி கரையில் நிற்கிற இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு, "நீங்களா இருந்தா என்ன செய்வீங்க?" என்று கேட்டேன். எந்த மொழியில் வேண்டுமானாலும் பேசலாம் என்றேன். ஓசூரில் அதைச் சொன்னால் போதும். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் வகுப்பு இரண்டுபட்டது. சாகட்டும் என்று ஒரு கூட்டம், பாவம் என்று ஒரு கூட்டம். மணி அடித்தும் யாரும் எழவில்லை. அன்றைக்கு எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

சத்தம் முதல்வர் அறை வரை போயிருக்கிறது. என் பாடத்திட்ட நோட்டை வரவழைத்தார்.

"அஞ்சு மார்க் கேள்விக்கு எட்டு பீரியடா மேடம்? அஞ்சு வாக்கியத்தைக் கலைச்சுப் போட்டு வரிசைப்படுத்தச் சொல்வாங்க, அவ்வளவுதானே? அந்த வரிசையை மனப்பாடம் பண்ண வைங்க."

மிச்சமிருந்த ஐந்து பீரியடையும் சிவப்பு மையால் அடித்தார். கூடவே 'ஸ்லோ லேர்னர் லிஸ்ட்' கேட்டார். லிஸ்டில் இருப்பவர்கள் கதையைத் தொடவே வேண்டாமாம். நான் தயாரித்துத் தரும் மெட்டீரியலை ஒப்பித்தால் போதுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் என்ன கிழித்தேன்? வாயை மூடிக்கொண்டு லிஸ்டை எழுதிக் கொடுத்தேன். மெட்டீரியலைக் கடையில் விற்கும் ஒரு கைடைப் பார்த்து ஒரே மூச்சில் டைப் செய்து வகுப்பு முழுவதற்கும் கொடுத்தேன். கதையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

திருப்புதல் தேர்வு வந்தது. அதில் தோற்பவர்களை எங்கள் பள்ளியில் பொதுத்தேர்வு எழுத விடமாட்டார்கள். பெற்றோரைக் கூப்பிட்டுக் கையில் டி.சி.யைக் கொடுத்துவிடுவார்கள். வாசலில் தொங்கும் நூறு சதவீதத் தேர்ச்சி பேனரின் லட்சணம் இதுதான்.

விடைத்தாள் திருத்தினேன். முதல் ரேங்க் மாணவன் தொடங்கி எல்லோரும் படகோட்டி கேள்விக்கு ஒரே வரிசையை எழுதியிருந்தார்கள். ஒரு தாளில் மட்டும் இரண்டு எண்கள் இடம் மாறியிருந்தன. கைப்பழக்கத்தில் இரண்டு பெருக்கல் குறி போட்டுவிட்டு அடுத்த தாளை எடுத்தேன். குறி போட்ட தாள் லிஸ்டில் இருந்த ஒரு பெண்ணுடையது. மொத்தம் முப்பத்து மூன்று. முப்பத்தைந்து எடுத்தால்தான் பாஸ்.

அவளுடைய அம்மா ஷிப்ட் முடிந்து, கம்பெனி யூனிபார்மோடு நேராகப் பள்ளிக்கு வந்தார்.

"ரெண்டு மார்க்குக்கா மேடம் வெளிய அனுப்பறீங்க? எங்க வூட்ல பத்தாவது வரிக்கும் வந்ததே இவ ஒருத்திதான்."

என் எரிச்சலைப் பக்கத்தில் நின்ற மகள் மேல் காட்டினேன்.

"மெட்டீரியல்ல இருக்கறத அப்படியே எழுதறதுக்கு என்ன கேடு?"

"கதையில அப்படி இல்லீங்க மிஸ். காப்பாத்துனப்புறம் அவன் யாருன்னு தெரியுதுன்னு மெட்டீரியல்ல இருக்குது. கதையில, தெரிஞ்சப்புறந்தான் குதிக்கறான். தெரிஞ்சே காப்பாத்துனதுதான மிஸ் கதையே? நீங்க பாதியில வுட்டுட்டீங்க. மனசு கேக்கல. மிச்சத்த நானே எழுத்துக் கூட்டிப் படிச்சன்."

புத்தகத்தைப் புரட்டினேன். அவள் சொன்னதுதான் சரி. அந்த ஒரு கேள்விக்காகத்தான் வகுப்பே தொண்டை கிழியக் கத்தியது. அத்தனை பேரும் அதை மறந்து எண்களை எழுதினார்கள். மறக்க வைத்தவள் நான். எட்டு பீரியடு திட்டம் போட்டு நான் ஏங்கியது நடந்திருந்தது. நடந்த இடத்தில் பெருக்கல் குறி போட்டிருந்தேன்.

விடைத்தாளோடு முதல்வரிடம் போனேன்.

"இப்ப சரியான வரிசைன்னு மாத்தினா மொத்த வகுப்புக்கும் ரெண்டு ரெண்டு குறையும். எத்தனை பேர் பெயில் ஆவாங்க தெரியுமா? கண்டுக்காம விடுங்க மேடம்."

"வெளிய அவங்கம்மா நிக்கறாங்க சார். நான் பண்ணின தப்பை நானே போய்ச் சொல்றேன். அப்புறம் டி.சி. குடுங்க, பாக்கலாம்."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் கண்ணெதிரே பெருக்கல் குறிகளை அடித்து, முப்பத்தைந்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். டி.சி. நின்றது. லிஸ்டிலிருந்து மட்டும் அவள் பெயரை எடுக்க மாட்டேன் என்றுவிட்டார்.

வராந்தாவில் அம்மாவும் மகளும் காத்திருந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். அப்போதும் எனக்குக் கோபம் அடங்கவில்லை.

"மெட்டீரியல் குடுத்து ரெண்டு மாசம் ஆச்சே. தப்புன்னு தெரிஞ்சும் ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நான் லிஸ்டுல இருக்கறவ மிஸ். சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?"

அவள் குத்திக்காட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நம்பியிருக்க மாட்டேன் என்று சொன்னேன்.