அவிழாத லேஸை அவிழ்த்துக் கட்டினேன்

தொண்ணூறுகளின் முற்பாதியில், பொங்கல் முடிந்த கையோடு சென்னையில் கிணறெல்லாம் வற்றிப்போன ஒரு வருஷம். மயிலாப்பூர் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் நான் விளையாட்டு சொல்லிக்கொடுக்கும் பி.டி. மிஸ்ஸாக இருந்தேன். கௌரவமாகச் சொல்லிக்கொள்கிறேனே தவிர, தற்காலிக வேலைதான். ஒவ்வொரு ஜூன் மாதமும் மறுபடி கூப்பிடுவார்களா மாட்டார்களா என்று தெரியாது. வயது இருபத்தாறு. பெண் பார்க்க வருகிறவர்களிடம் 'டீச்சர்' என்று மட்டும் சொல்லிவைப்பாள் அம்மா. எந்தப் பாடம் என்று கேட்டால் காபி கலக்க உள்ளே போய்விடுவாள்.

எங்கள் பள்ளியில் ஒரு கூடைப்பந்து அணி இருந்தது. ஆர்வத்துக்குக் குறைவில்லை, உயரத்துக்குத்தான் குறைவு. எதிரணிகளில் எல்லாம் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் நெட்டைப் பெண்கள் இருப்பார்கள். எங்கள் பிள்ளைகள் கஷ்டப்பட்டுக் கூடைக்குப் பக்கத்தில் போய் எகிறினால், அவர்கள் கொசு அடிக்கிற மாதிரி பந்தைத் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

அதனால் நான் ஒரு திருட்டு ஷாட் சொல்லிக்கொடுத்தேன். ஓடுகிற ஓட்டத்திலேயே பந்தைக் கூடையில் போட எல்லாரும் கற்றுக்கொள்கிற முறை ஒன்று உண்டு. பந்தைக் கையில் எடுத்ததும் வலது கால், அடுத்து இடது கால், அந்த இடது காலில் எகிறி வலது கையால் போட வேண்டும். என்னுடையது தலைகீழ். இடது, அடுத்து வலது, வலது காலிலேயே எகிறி, அதே வலது கையால் பந்தைக் கீழிருந்து ஏந்திவிட வேண்டும். பார்க்க நொண்டியாட்டம் போல இருக்கும். ஆனால் தடுக்க நிற்கிறவள், இன்னும் ஒரு அடி பாக்கி இருக்கிறது என்று காத்திருக்கும்போதே பந்து கூடைக்குள் இருக்கும்.

இதை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. எட்டாம் வகுப்பில் சைக்கிளிலிருந்து விழுந்து இடது கணுக்கால் பிசகியதிலிருந்து, அந்தக் காலில் எகிற எனக்குப் பயம். தானாக வந்த பழக்கம் இது. கல்லூரியில் எங்கள் கோச் இதைப் பார்த்து, எல்லார் முன்னாலும் நொண்டிக் குதிரை என்று சிரித்து, அணியிலிருந்தே எடுத்துவிட்டார். அந்த அவமானம் போகவே இல்லை. அதனால் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போதுகூட, ஹெட்மிஸ்ட்ரஸ் அந்தப் பக்கம் வருகிறாரா என்று ஒரு கண் வைத்துக்கொள்வேன்.

முதலில் யாருக்கும் வரவில்லை. பாதி தூரம் நன்றாக ஓடிவருவார்கள், கூடையை நெருங்கியதும் கால்கள் அதது இஷ்டத்துக்குப் போகும். நான் இடது, வலது என்று கத்தினால், எந்தக் கை என்று ஒருத்தி கேட்டாள். கடைசியில் ஒரு யோசனை தோன்றியது. ஷூவைக் கழற்றச் சொல்லி, பாதத்தையும் பந்தையும் தண்ணீரில் நனைத்துக்கொண்டு ஓடச் சொன்னேன். சிமென்ட் தரையில் பந்து கடைசியாகக் குதித்த இடம் வட்டமாகத் தெரியும். அதற்கப்புறம் எந்தக் கால் எங்கே விழுந்தது என்பது அச்சடித்த மாதிரி இருக்கும். யார் சரி, யார் தப்பு என்று சண்டையே வராது.

பள்ளி ஆயாவுக்குத்தான் பொறுக்கவில்லை. குடிக்கவே தண்ணீர் இல்லாத ஊரில் தரைக்கு ஊற்றுகிறேன் என்று என் காதுபடவே புலம்பினார். அதற்குப் பிறகு காலை ஆறு மணிக்கே வந்து தெருமுனை அடி பம்பில் அரை வாளி அடித்துக்கொண்டு வந்து வைத்துவிடுவாள் ஒரு பெண். அணியிலேயே ரொம்பச் சின்ன உருவம். எல்லாரும் அவளைக் குட்டி என்றுதான் கூப்பிடுவார்கள்.

குட்டி அப்போது பிளஸ் டூ. கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டில் வீடு, அப்பா கோடம்பாக்கத்தில் லைட்மேன். படிப்பு சுமார். பரீட்சை முடிந்ததும் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைக்கிற வேலைக்கு அவளை அனுப்புவதாக அப்பா பேசி முடித்துவிட்டார். அவளுக்கோ கல்லூரிக்குப் போக ஆசை. மாவட்ட அணியில் இடம் கிடைத்தால் சான்றிதழ் கிடைக்கும், அதை வைத்து ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட் வாங்கலாம் என்று நான்தான் அவள் அப்பாவிடம் போய்ச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, செலக்‌ஷனில் பேர் வந்தால் படிக்கட்டும், வராவிட்டால் மறுநாளே வேலை என்றார். குட்டி என்னைப் பார்த்துச் சிரித்தாள். என் ஷாட்டை அவள் அளவுக்கு அழகாகப் போட்டவள் யாருமில்லை.

மாவட்ட அணித் தேர்வு ஏப்ரல் மாதம், தி.நகரில் ஒரு மைதானத்தில். நாற்பது பெண்கள் வந்திருந்தார்கள், எடுக்கப்போவது பன்னிரண்டு பேரை. தொப்பி போட்ட பெரியவர் ஒருவர்தான் தேர்வாளர், நடுவரும் அவரே. அவருக்குப் பிடித்துவிட்டால் அந்த டீச்சருக்கு எந்தப் பள்ளியிலும் வேலை கிடைக்கும், பிடிக்காவிட்டால் கஷ்டம் என்று பேச்சு. நான் மற்றப் பள்ளி டீச்சர்களோடு சிமென்ட் படியில் உட்கார்ந்திருந்தேன்.

குட்டி பந்தோடு புகுந்தாள், இடது, வலது, எகிறினாள். பந்து கூடைக்குள். உடனே விசில். பந்தைப் பிடித்துக்கொண்டு ஓர் அடி கூடுதலாக வைத்துவிட்டாள் என்றார் பெரியவர். இரண்டாவது தடவை, அதே ஷாட், அதே விசில். அவருடைய கண்ணும் அந்த நெட்டைப் பெண்களின் கண்ணும் ஒரே பழக்கத்தில் இருக்கின்றன என்பது எனக்குப் புரிந்தது. முறைப்படி கடைசிக் கால் இடதாக முடிய வேண்டும். வலதில் முடிந்தால், எங்கோ ஓர் அடி கூடிவிட்டது என்றுதான் கண் நினைக்கும். பந்தைக் கையில் எடுத்தபின் இரண்டு அடி வைக்கலாம் என்பது விதி, அவள் வைத்தது சரியாக இரண்டே அடி. மூன்றாவது தடவையும் ஊதிவிட்டு, ஆட்டத்தையே நிறுத்தினார்.

"யாரும்மா உனக்கு இந்தக் கண்றாவியச் சொல்லிக்குடுத்தது?"

மைதானம் முழுக்கக் கேட்டது. என் பக்கத்து டீச்சர் உச்சுக்கொட்டினார். எனக்குக் கல்லூரி கோச்சின் சிரிப்பு காதில் விழுந்தது, ஜூன் மாதம் ஞாபகம் வந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? குனிந்து என் ஷூ லேஸைக் கட்டினேன். அது அவிழவே இல்லை. நானே அவிழ்த்து, நானே கட்டினேன்.

குனிந்தபடியே குட்டியின் குரலைக் கேட்டேன்.

"யாரும் சொல்லித் தர்ல சார். எனக்கா வந்த கெட்ட பழக்கம்."

அப்படியானால் போய் உட்கார் என்று அவளை வெளியே அனுப்பிவிட்டார். குட்டி வந்து எனக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்தாள். மற்றவர்களுக்குக் கேட்காமல், முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"உங்களுக்கு இன்னும் வேல பர்மனென்ட் ஆவலயே மிஸ். எனக்கு இன்னா, கம்பெனி வேல கீது."

அந்த இடத்திலேயே தரை பிளந்து நான் உள்ளே போயிருக்கலாம். பதினேழு வயதுப் பெண் தன் கல்லூரியை எனக்காக விட்டுக்கொடுத்துவிட்டு, எனக்கு ஆறுதல் வேறு சொல்கிறாள். நான் எழுந்தேன். ஆட்டம் நடந்துகொண்டிருந்த மைதானத்துக்குள்ளேயே நடந்து பெரியவரிடம் போய், சொல்லிக்கொடுத்தது நான்தான், அது தப்பான அடி இல்லை, இரண்டு அடிதான், பார்க்கிறீர்களா என்று கேட்டேன். இத்தனை வருஷம் விசில் ஊதுகிறவனுக்கு எண்ணத் தெரியாதா என்றார். எண்ண வேண்டாம் சார், தரையைப் பாருங்கள் போதும் என்றேன்.

மூலையில் விளையாடுகிறவர்களுக்கென்று லாரித் தண்ணீர் பிடித்துவைத்த டிரம் இருந்தது. வாட்ச்மேன் முறைக்க முறைக்க இரண்டு மக் எடுத்து ஒரு வாளியில் ஊற்றினேன். குட்டி ஷூவைக் கழற்றி, பாதத்தையும் பந்தையும் நனைத்துக்கொண்டு ஓடினாள். பதினொரு மணி வெயில். பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வருவதற்குள் தரை காய்ந்துவிட்டது. யாரோ சிரித்தார்கள். இன்னொரு தடவை என்றேன். இந்த முறை அவரும் கூடவே ஓடிவந்து, முட்டிபோட்டுக் குனிந்தார். பந்தின் கடைசி ஈர வட்டம், அதற்கப்புறம் ஓர் இடது பாதம், ஒரு வலது பாதம். அதற்கு மேல் வெறும் தரை. அவர் விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு தாமே, இன்னொரு தடவை ஓடும்மா என்றார். கொதிக்கிற சிமென்டில் குட்டி மூன்றாவது தடவையும் ஓடினாள். பாதத்தைப் பிறகு பார்த்தபோது கொப்புளம் கண்டிருந்தது. ஓடும்போது முகத்தில் ஒன்றுமே காட்டவில்லை.

பெரியவர் எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டார். ஷூ போட்டுக்கொண்டு உள்ளே வா என்று அவளைக் கூப்பிட்டார். அதற்கப்புறம் அந்த ஷாட்டுக்கு அவர் விசில் ஊதவில்லை. சாயங்காலம் படித்த பட்டியலில் பன்னிரண்டாவது பெயர், கடைசிப் பெயர், அவளுடையது. நன்றி சொல்லப் போனேன். அவர் கோபமாக எல்லாம் இல்லை, மெதுவாகத்தான் பேசினார்.

"நான் கேட்டப்பவே எந்திரிச்சிருக்கலாம் மேடம். நீங்க லேஸ் கட்டினத நான் பாத்தேன்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் குட்டியிடம் மன்னிப்புக் கேட்டேன். டீச்சர் மன்னிப்புக் கேட்டது அவளுக்கு ரொம்ப வெட்கமாகப் போய்விட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, பசிக்கிறது மிஸ் என்றாள். மயிலாப்பூர் லஸ் முனையில் இறங்கி ஆளுக்கு இரண்டு பிளேட் பஜ்ஜி சாப்பிட்டோம். ஜூன் மாதம் அவள் கல்லூரியில் சேர்ந்தாள். என்னையும் பள்ளியில் மறுபடி கூப்பிட்டார்கள். நிரந்தரமாவதற்கு இன்னும் மூன்று ஜூன் மாதங்கள் ஆயின, அது வேறு கதை.

என்னிடம் படித்த பிள்ளை எதையாவது விநோதமாகச் செய்து, யார் சொல்லிக்கொடுத்தது என்று யாராவது அதட்டினால், இப்போதெல்லாம் நான்தான் என்று முதலில் எழுந்துவிடுகிறேன், சில சமயம் நான் சொல்லிக்கொடுக்காததற்கும். ஆனாலும், குனிந்து லேஸ் கட்டுகிற நேரத்தில் அந்தப் பெண் எனக்காகச் சொன்ன ஒரு பொய்யை மட்டும் நான் இன்னும் திருப்பிக் கொடுத்து முடிக்கவில்லை என்றுதான் தோன்றுகிறது.