நாராவில் சட்டை கழற்றிய கதை

மகள் ஒசாகாவுக்கு ஆங்கிலம் படிப்பிக்கப் போனாள். ஒரு வருடத்தில் திரும்பிவிடுவாள் என்று லண்டன் செவன் கிங்ஸ் வீட்டில் அவளுடைய அறையைத் துடைத்து வைத்திருந்தோம். அவள் வரவில்லை. வீடியோவில் ஒரு ஜப்பான்காரப் பொடியன்தான் வந்தான். வந்தவன் இடுப்பு வரை குனிந்தான். திரையில் அவனுடைய தலைமயிர் மட்டும் தெரிந்தது. இவனைத்தான் கட்டப்போகிறேன் என்றாள் மகள்.

அன்று மனைவி சமைக்கவில்லை. ஈஸ்ட் ஹாமில் நான் வாங்கி வந்த கொத்துரொட்டியையும் தொடவில்லை. கொஞ்ச நாள் போக, தானாகவே வாயைத் திறந்தாள். "ஒருக்காப் போய்ப் பாப்பம். பாக்கிறதுதான். ஓம் எண்டு நான் சொல்லேல்லை, இப்பவே சொல்லிப்போட்டன்."

அந்தப் பக்கமும் இதே கதைதானாம். பொடியனுக்குத் தாய் இல்லை, தகப்பன் மட்டும்தான். "அவர் நோ எண்டும் சொல்லேல்லை, யெஸ் எண்டும் சொல்லேல்லை அப்பா. ஒண்டுமே சொல்லேல்லை" என்றாள் மகள். ஆகவே நாரா என்ற பழைய கோயில் நகரத்தில் எல்லோரும் ஓர் இரவு ஒன்றாகத் தங்குவது, காலையில் கோயில் பார்ப்பது என்று ஏற்பாடு. இந்தக் கலியாணம் நடக்குமா இல்லையா என்பது அதற்குள் தெரிந்துவிடும்.

நாரா போகும் ரயிலில் மகள் எனக்கு வகுப்பெடுத்தாள். போனில் கதைக்கக் கூடாது, சாப்பிடும் குச்சியைச் சோற்றில் குத்தி நிறுத்தக் கூடாது. "ப்ளீஸ் அப்பா, என்னை எம்பரஸ் பண்ணாதேங்கோ."

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. "நான் என்ன காட்டுக்குள்ள இருந்தோ வாறன்?"

விடுதியில் இரவுச் சாப்பாட்டு மேசையடியில் பொடியனின் தகப்பன் என்னைக் கண்டதும் குனிந்தார். நானும் குனிந்தேன். நான் குனிந்ததால் அவர் மறுபடி குனிந்தார். எவர் முதலில் நிறுத்துவது என்று தெரியாமல் இரண்டு பேரும் மாறி மாறிக் குனிந்ததில் சூப் ஆறிப்போனது. அதற்குப் பிறகு அவர் வாய் திறக்கவில்லை. என் மனைவியும் திறக்கவில்லை. பாவம் பிள்ளைகள், இருவரும் வானிலை பற்றியே கதைத்து முடித்தார்கள்.

காலையில் கோயிலுக்குப் போகும் வழியெல்லாம் மான். ஒன்று என் கோட்டுப் பையைக் கவ்வி இழுத்தது. மனைவி, "போ அங்கால!" என்று தமிழில் அதட்ட, அதுவும் போனது.

கோயில் வாசலில் எல்லோரும் சப்பாத்தைக் கழற்றினார்கள். உள்ளே இருட்டில் பெரிய புத்தர், விளக்கு, ஊதுபத்தி வாசனை. எங்கோ மணி அடித்தது. எங்கள் கோயில்களில் ஆண்கள் மேற்சட்டையோடு உள்ளே போவதில்லை. லண்டனிலும் நான் வெள்ளிக்கிழமைகளில் அப்படித்தான். இது யோசித்துச் செய்கிற வேலையல்ல, கை தானாகச் செய்யும். கோட்டைக் கழற்றினேன், ஸ்வெட்டரைக் கழற்றினேன், சட்டையைக் கழற்றினேன், பெனியனையும் கழற்றினேன். அது தை மாதம், வெளியே உறைபனி.

"ஐயோ, இஞ்சருங்கோ! நெஞ்சுக்குள்ள ஏதும் செய்யுதோ?" என்று மனைவி கத்தினாள்.

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். அங்கிருந்த ஆண்கள் எல்லோரும் கழுத்து வரை பொத்தான் போட்டிருந்தார்கள். கிழவிகள் நிலத்தைப் பார்த்தார்கள். ஒரு பிக்கு சத்தமில்லாமல் ஓடி வந்தார். மகள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். சரி, போச்சு, பிள்ளையின் வாழ்க்கையை என் கையாலேயே கெடுத்துவிட்டேன் என்று எனக்கு அழுகை வந்தது.

பொடியனின் தகப்பன் மகளிடம் திரும்பி ஏதோ கேட்டார். அவர் அவளிடம் நேரே கதைத்தது அதுதான் முதல் தரம். அவள் முகத்திலிருந்து கையை எடுத்தாள். தலையை நிமிர்த்தி, ஜப்பானிய மொழியில் நிதானமாகப் பதில் சொன்னாள்.

"ஏன் கழட்டினவர் எண்டு கேட்டவர் அப்பா. எங்கட ஆம்பிளையள் சாமிக்கு முன்னால இப்பிடித்தான் நிக்கிறது, அது மரியாதை எண்டு சொன்னன்."

அந்த மனிதர் பிக்குவிடம் மெதுவாக ஏதோ சொன்னார், பிக்கு விலகினார். பிறகு குனிந்து, நிலத்தில் கிடந்த என் உடுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்து, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, கும்பிடும்படி எனக்குத் தலையசைத்தார். இனிக் கும்பிடாமல் இருக்க முடியுமா? பல் கிடுகிடுக்க, எங்கள் பிள்ளையாருக்குச் சொல்வதையே அந்தப் புத்தருக்கும் சொன்னேன். கலியாண வீட்டில் தட்டம் தூக்கி வருகிறவர் போல, என் பெனியனை மேலே வைத்துக்கொண்டு அவர் அசையாமல் பக்கத்தில் நின்றார்.

வெளியே வந்து தேநீர்க் கடையில் இருந்தோம். அவர் தொண்டையைச் செருமிவிட்டு நீளமாக ஏதோ சொன்னார். மகளின் முகம் சிவந்துவிட்டது.

"இந்தக் குளிருக்குள்ள உங்களைத் திரும்பவும் கழட்ட வைக்கேலாதாம் அப்பா. கலியாணத்தை வெக்கைக் காலத்தில, ஜூலைக் கடைசியில வைப்பமோ எண்டு கேக்கிறார்."

நான் வாயைத் திறக்குமுன், சும்மா பார்க்க மட்டும் வந்த என் மனைவி கோப்பையை டக்கென்று மேசையில் வைத்தாள்.

"ஆடி மாதத்திலயோ கலியாணம்? என்ன விசரே? ஆவணியில நல்ல நாள் கிடக்கு. அதைச் சொல்லு பிள்ளை அவருக்கு."