லூமிர் சேர்த்த பதினொரு வரிகள்

லூமிருக்குச் சம்பளம் தந்தது செக் நாட்டின் ப்ர்னோ நகரில் ஒரு காப்பீட்டு அலுவலகம். சம்பளமில்லாமல் அவன் கட்டிக் காத்தது ஒரு கணினி நிரல் தொகுப்பை. எந்த விண்டோ எங்கே திறக்கும், மவுஸ் சொடுக்கு எதற்குப் போகும் என்று புரோகிராம்களும் திரையும் பேசிக்கொள்வது அதன் வழியாகத்தான். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், திருத்தமும் அனுப்பலாம். சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிறவன் லூமிர். அதற்குக் கையேடு எழுதியது நான்.

இரண்டாவது திரையின் வயரைப் பிடுங்கினால் எல்லா விண்டோவும் அப்படியே உறைந்துபோகும். வருஷக்கணக்கான கோளாறு. பல்கேரியாவின் ப்லோவ்திவ் நகரிலிருந்து ரலிட்சா என்ற பெண் பதினொரு வரியில் அதற்கொரு திருத்தம் அனுப்பினாள். விஷயம் புரியாமல் எழுதியிருக்கிறீர்கள் என்று பதில் போட்டு லூமிர் அதை மூடினான். எட்டு மாதம் கழித்துத் தன் பெயரில் ஒரு திருத்தத்தைச் சேர்த்தான், அதுவும் பதினொரு வரி. கோளாறு தீர்ந்தது, பாராட்டு குவிந்தது. எனக்கு உறுத்தியது. ஆனாலும் கேட்கவில்லை.

ஜூனில் எங்கள் ஊரில் நடந்த, தொகுப்பில் வேலை செய்கிறவர்களின் வருடாந்திரக் கூட்டத்தில் அவன் அதைப் பற்றித்தான் பேசினான். மதியம் பொரித்த சீஸுக்காக வரிசையில் நின்றோம். பின்னால் நின்றவள், தான் ரலிட்சா என்றாள்.

"நல்லா பேசினீங்க. நாலாவது வரியில இருக்கற விளக்கக் குறிப்புல ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கு, பாத்தீங்களா? அது நான் பண்ண தப்பு. அதையாவது சரி பண்ணியிருக்கலாம்."

லூமிரின் காது சிவந்தது. "நீங்க அனுப்பினதே எனக்கு மறந்துபோச்சு..."

"மறந்துபோச்சா?"

அவன் தட்டைப் பார்த்தான். "இல்ல. பக்கத்துல திறந்து வச்சுட்டுதான் எழுதினேன்."

அவள் தலையசைத்துவிட்டு வரிசையில் நகர்ந்தாள். அவன் சாப்பிடவில்லை.

அன்று மாலையே எல்லோரும் படிக்கும் மடல் குழுவில் நடந்ததை எழுதினான். தொகுப்பின் பழைய பதிவில் எழுதியவர் பெயரை மாற்ற வழியில்லை. ஆயிரக்கணக்கானவர்களிடம் பிரதி போய்விட்டது. எழுதியது ரலிட்சா என்று கீழே ஒரு குறிப்புதான் சேர்க்க முடிந்தது. 'பதினொரு வரிக்கா இவ்வளவு பெரிய பாவமன்னிப்பு?' என்று ஒருவன் கிண்டலாகப் பதில் போட்டான். அதைப் படித்து லூமிர் இன்னும் கூனிப்போனான். தொகுப்பின் பொறுப்பில் பாதியை ஏற்கும்படி ரலிட்சாவைக் கேட்டான். நன்றி, வேறு இடத்தில் சேர்ந்துவிட்டேன் என்று எழுதினாள்.

அந்த வாரம் டிராம் நிறுத்தத்தில் நின்றபோது என்னிடம் கேட்டான்: "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"சந்தேகம் இருந்துச்சு."

"கேட்டிருக்கலாம்ல?"

என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. டிராம் வந்தது. ஆளுக்கொரு பக்கமாகப் போய் உட்கார்ந்தோம்.